முகம் பார்த்த மீன்

எங்கள் வீட்டில் மீன்கள் இரண்டு கட்சி. முன்னறையில் இருப்பவை அவருடையவை, அடுப்படியில் இருப்பவை என்னுடையவை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தப் பாகப்பிரிவினை அமலில் இருக்கிறது. அவருடைய மீனுக்கு நான் தீனி போடமாட்டேன். என்னுடைய மீனை அவர் அறுக்கமாட்டார்.

ஈப்போ குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, மீன் வியாபாரம் செய்கிறீர்களா என்று கேட்டுவிடுவார்கள். சுவரையொட்டி மூன்று கண்ணாடித் தொட்டிகள். ஒன்றில் கப்பி மீன்கள். அவை எத்தனை என்று அவருக்கே தெரியாது, நேற்றுப் பார்த்ததற்கு இன்று கூடியிருக்கும். இன்னொன்றில் ஒரு ஜோடி தங்க மீன், வயிறு பெருத்து, மாசமான பெண்கள் கடைத்தெருவுக்குப் போகிற மாதிரி மெல்ல அசைந்து போகும். மூன்றாவதில் லோஹான். நெற்றியில் பெரிய புடைப்பு, சிவப்பு உடம்பு, யாரைப் பார்த்தாலும் முறைப்பு. அதற்கு வீட்டு முதலாளி என்று நினைப்பு. இதுபோக அலமாரி முழுக்க ஜாம் பாட்டில்களில் சண்டை மீன்கள். பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் அட்டை சொருகி வைத்திருப்பார், ஒன்று மற்றொன்றைப் பார்த்தால் அன்றைக்கெல்லாம் சிலிர்த்துக்கொண்டே கிடக்கும். லோஹான் தொட்டியின் கண்ணாடியை நக்கிச் சுத்தம் செய்ய ஒரு கறுப்பு மீன். நகராட்சி ஆள்போல அழுக்கு எடுப்பதால் அதை இங்கே எல்லாரும் பண்டாராயா மீன் என்பார்கள். இந்த வீட்டில் எனக்கு ஒத்தாசை செய்கிற ஒரே ஜீவன் அதுதான் என்று அவர் காதில் விழும்படி நான் சொல்வதுண்டு.

வெள்ளிக்கிழமை வந்தால் வேடிக்கையாக இருக்கும். அடுப்படியில் மீன் வாடையே கூடாது, சாம்பாரும் கூட்டும்தான். ஆனால் சாமி மேடைக்குப் பக்கத்திலேயே தொட்டி இருப்பதால் நான் சூடம் காட்டும்போது லோஹான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு தீபத்தைப் பார்க்கும். மீன் சாப்பிடாத நாளில்தான் வீட்டில் மீன்கள் நிம்மதியாகச் சாமி கும்பிடுகின்றன என்று நினைத்துக்கொள்வேன்.

நான் கடலோர ஹுத்தான் மெலிந்தாங்கில் பிறந்து வளர்ந்தவள். மீன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, அதை மறைத்ததும் இல்லை. படகுத்துறையில் சீனர்களின் படகு வந்து நிற்கும்போது அம்மா கூடையோடு முதல் ஆளாக நிற்பார், நான் அவர் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். செவுளைத் தூக்கிப் பார்த்தே அது எப்போது செத்தது என்று சொல்லிவிடுவேன். கெம்போங் மீனென்றால் புளி ஊற்றிக் குழம்பு, அதையும் மறுநாள் சாப்பிட வேண்டும். தெங்கிரியைத் துண்டு போட்டு வறுக்க வேண்டும். திருக்கைக்கு மிளகு தூக்கலாகப் போட வேண்டும். பாவால் விருந்தாளி வந்தால் மட்டும். நெத்திலி இல்லாமல் சம்பல் என்று ஒன்று கிடையாது. இதெல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, பசியில் தானாக வந்தது.

இவர் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் செம்பனையாகி, தொழிலாளர் வீடுகளான லயங்களை இடித்துவிட்டார்கள். இவரும் ஈப்போவுக்கு வந்து பஸ் டிப்போவில் மெக்கானிக் ஆகிவிட்டார். இவர்கள் சின்ன வயதில் தின்ற மீனெல்லாம் வாய்க்காலிலும் பழைய ஈயக் குட்டைகளிலும் பிடித்தது. ஹாருவான், கெலி, செப்பாட், புயு. நான் அதைச் சேற்று மீன் என்பேன். கடலிலிருந்து லாரியில் வருகிற என் மீன்களை அவர் ஐஸ் மீன் என்பார். ஆரம்பத்தில் இதற்கே சண்டை வரும். பிறகு சண்டை அலுத்துப்போய் கேலியாகிவிட்டது.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மீன் குழம்பென்றால் இரண்டு தட்டு சோறு இறங்கும், தலையைக்கூட விடமாட்டார். ஆனால் உயிரோடு முகம் பார்த்த மீனைச் சாப்பிட மாட்டார். தோட்டத்தில் அண்ணன்மார் வாளியில் ஹாருவான் கொண்டுவந்தால் முதலில் இவரை வெளியே விரட்டிவிட்டுத்தான் மூடியைத் திறப்பார்களாம். தப்பித்தவறி எட்டிப் பார்த்துவிட்டால் அன்றைக்கு இவருக்குச் சோற்றோடு வெறும் மோர். இதை என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா, எங்கள் கல்யாணத்தன்று எனக்குச் சொல்லிச் சிரித்தார். சந்தையில் வாங்குவது ஐஸில் கிடக்கிற மீன்தானே, நமக்கென்ன என்று விட்டுவிட்டேன், கோழை என்று அவ்வப்போது கேலி செய்வதோடு சரி.

போன வருஷம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆப்பரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. மகள் சிங்கப்பூரிலிருந்து லீவு போட்டு வந்து பார்த்துக்கொண்டு, லீவு தீர்ந்ததும் அழுதுகொண்டே திரும்பிப் போனாள். ஆனால் எனக்கு இனிப்பு நீர் வியாதி இருக்கிறதே, வெட்டிய இடம் ஆறமாட்டேன் என்று அடம் பிடித்தது. ஒரு ஓரத்தில் மட்டும் வாய் திறந்து ஈரமாகவே இருந்தது. தினமும் கிளினிக்குக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். கனமான எதையும் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, அடுப்படியில் நிற்கக் கூடாது. அடுப்படியில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது இவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். வெந்நீர் வைப்பதற்கு மேல் அவருக்கு அங்கே ஒன்றும் தெரியாது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று வித்தியாசமே இல்லை, இந்த நாட்டில் வயிற்றைக் கிழித்தவர்களுக்கு எல்லா இனத்தவரும் சொல்கிற ஒரே மருந்து ஹாருவான். தமிழில் விரால் என்பார்கள், இங்கே யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஹாருவான் சூப் குடித்தால் உள்காயம் ஆறும், தோல் கூடும், பழைய பலம் வரும். அதைச் சாறாக்கி பாட்டிலில் அடைத்தும் விற்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் அதை வாங்கி வந்தார்கள், இருமல் மருந்தில் கருவாட்டை ஊறப்போட்ட மாதிரி இருந்தது. சின்ன வயது டாக்டரிடம் கேட்டேன். முட்டையோ கோழியோ எந்த மீனோ, சத்தாகச் சாப்பிட்டால் போதும் அம்மா என்று சிரித்தார்.

நாத்தனார் டாக்டர் பேச்சைக் கேட்கிற ஆளில்லை. அவர் பாகான் டத்தோவில் தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறார். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் மருமகனின் காரில் வந்து இறங்கினார், கையில் பழைய பெயிண்டு வாளி. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மேலே ஈரச் சாக்கு சுற்றியிருந்தது. வாளிக்குள் ஏதோ முட்டிக்கொண்டிருந்தது.

"தோப்புப் பாரிட்டு வாய்க்கால்ல மாமா நேத்து புடிச்சாரு," என்றார். "என் கையளவு நீளம் இருக்கு. உயிரோட வச்சிரு தம்பி, சட்டியில போடுற வரைக்கும் உயிர் இருக்கணும்லா. செத்துப்போச்சின்னா மருந்து இல்ல, வெறும் மீனுதான்."

"அக்கா, நீயே அறுத்துக் குடுத்துட்டுப் போயேன்," என்றார் இவர்.

"இருட்டுறதுக்குள்ள போவணும். பொண்டாட்டிக்கு ஒரு மீன் அறுக்க மாட்டியா? பாக்காம வெட்டு."

சொல்லிவிட்டு எனக்கு நெற்றியில் விபூதி பூசிவிட்டுக் கிளம்பிவிட்டார். பார்க்காமல் எப்படி வெட்டுவது என்று இவர் வாளியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூடியைத் திறந்தார். நான் சோபாவில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்த்துவிட்டார் என்பது அவர் முதுகைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது.

அன்றைக்கு அதை வாளியோடு குளியலறையில் வைத்தார். சாப்பாட்டுக்கு முன்னாலேயே அது மூடியைத் தள்ளிவிட்டு வெளியே வந்து, ஈரத் தரையில் நடைபழகிக்கொண்டிருந்தது. ஹாருவான் தண்ணீர் இல்லாமலும் நெடுநேரம் கிடக்கும், இடுப்பை ஆட்டி ஆட்டி நகரவும் செய்யும். உடனே தங்க மீன்களை எடுத்துத் துணி அலசுகிற பேசினுக்கு மாற்றினார். அவற்றின் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, ஹாருவானை அதில் விட்டார். மேலே பலகை போட்டு, பலகைமேல் பாரத்துக்கு என் தோசைக்கல்லை வைத்தார். அந்தக் கல் என் மாமியார் எனக்குக் கொடுத்தது, அதை வேறெதற்கும் எடுக்க நான் சம்மதிப்பதில்லை. படுத்திருந்தவளிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

மறுநாள் வெள்ளிக்கிழமை, வீட்டில் உயிர் போகக் கூடாது. சரி. சனிக்கிழமை காலையில் கேட்டேன்.

"சனிக்கெழம பெருமாளுக்கு உகந்த நாளு," என்றார்.

கோயில் வாசலில் நின்றுகொண்டு இன்னிக்கி என்ன விசேஷம் என்று என்னைக் கேட்கிற மனுஷன் இவர். ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. அதாவது நிஜமாகவே அமாவாசை, நாள்காட்டியைக் கிழித்துக் கொண்டுவந்து காட்டினார். திங்கட்கிழமை சிவனுக்கு. செவ்வாய்க்கிழமை முருகனுக்கு. புதன்கிழமைக்கு எந்தச் சாமியும் அகப்படாமல், சந்திராஷ்டமம் என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். யாருக்குச் சந்திராஷ்டமம் என்று கேட்டேன். எனக்கு என்றார். வியாழக்கிழமை குரு பகவானுக்கு. அதற்குள் மறுபடியும் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷமாக நான் சொல்லியும் வராத பக்தி அந்த ஒரு மீனால் வந்தது.

இதற்குள் ஹாருவானுக்குத் தீனி வேண்டுமே. பட்டினி போட்டால் சத்துப் போய்விடும் என்று சொல்லி, வேலை முடிந்து வரும்போது சந்தையில் சின்ன இறால் வாங்கி வர ஆரம்பித்தார். உயிருள்ள இறால். எனக்கு ரொட்டியும், பக்கத்துக் கடையில் கட்டி வந்த இட்லியும். வீட்டில் மருந்து இறால் சாப்பிட்டது, நோயாளி ரொட்டி சாப்பிட்டாள். அவரை மட்டும் குறை சொல்லக் கூடாது, ஒருநாள் எனக்காகக் கெம்போங் வாங்கி வந்தார். கண்ணெல்லாம் சிவந்து, அமுக்கினால் குழி விழுகிற கெம்போங். கப்பி மீனின் வாலில் ஊசிமுனை அளவு வெள்ளைப்புள்ளி வந்தால் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற கண்ணுக்கு, செத்து ஊசிப்போன மீன் மட்டும் தெரியவில்லை. அதைத் தெருப் பூனைகளுக்குப் போட்டோம். அவையும் யோசித்துத்தான் சாப்பிட்டன.

சாயங்காலமானால் நாற்காலியைத் தொட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அது கறுப்பும் பழுப்புமாக, பாம்புத் தலையோடு, அசையாமல் கிடக்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து வாயைத் திறந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும்.

"பாத்தியா," என்றார் ஒருநாள். "மேல வந்து மூச்சு வுடுது. நம்மள மாரியே."

"நானும் மூச்சு வுட்டுக்கிட்டுத்தாங்க இருக்கேன்," என்றேன். "என்னையும் கொஞ்சம் பாக்கலாம்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுபவர், ஒரு கிண்ணத்தில் கஞ்சியோடு வந்தார். தொட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, இது சாப்பிடவா வளர்க்கவா என்று மலாயில் கேட்டார். என் வீட்டுக்காரரைக் கேளுங்கள் என்றேன். இவர் கொஞ்சம் யோசித்து, இரண்டுக்கும்தான் என்றார். மக்சிக்குக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொடுங்கள், நான் பின்னால் கொண்டுபோய் முடித்துத் தருகிறேன், ஒரு நிமிஷ வேலை என்று கையை நீட்டினார். இவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மக்சிக் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

ஏன் வேண்டாமென்றேன் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பேன். இப்போது சொல்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது மீன் இல்லை. இத்தனை வருஷமாக அவர் வேலையிலிருந்து வந்ததும் முதலில் தொட்டிகளைப் பார்ப்பார், பிறகுதான் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்ப்பார். நான் அதைக் கேலி செய்தே பழகிவிட்டேன். ஆனால் வயிற்றில் கட்டோடு படுத்துக்கொண்டு நாள் முழுக்க அந்தத் தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது கேலி தீர்ந்துபோனது. அந்த வரிசையில், லோஹானுக்கும் தங்க மீனுக்கும் பக்கத்தில், நான் எத்தனையாவது இடம் என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அவரால் முடியாத ஒன்றை எனக்காகச் செய்வாரா என்று பார்க்க வேண்டியிருந்தது. சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனால் படுக்கையில் கிடப்பவளுக்கு அதைவிடப் பெரிய விஷயம் வேறென்ன இருக்கப் போகிறது.

பிறகு ஒருநாள் கிளினிக்கில் தாதி கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் அந்த ஓரத்தை அமுக்கிப் பார்த்தார். அடுத்த வாரத்துக்குள் கூடவில்லையென்றால் மறுபடியும் ஆஸ்பத்திரியில் படுத்து, திறந்து சுத்தம் செய்து தைக்க வேண்டியிருக்கும் என்றார். சாப்பிடுகிறீர்களா என்றார். சாப்பிடுகிறேன் என்றேன். காரில் திரும்பி வரும் வழியில் சுண்ணாம்பு மலை பக்கத்தில் சிக்னலில் நிற்கும்போது இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பச்சை விழுந்துவிட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் இவர் வெளியே காரைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் யார்? படகுத்துறையில் வளர்ந்தவள். ஒரு சேற்று மீனுக்காக இத்தனை நாளாகக் காத்துக்கிடக்கிறேனே. இவர் என்ன அறுப்பது, நானே அறுக்கிறேன் என்று எழுந்தேன். அடுப்படியிலிருந்து பெரிய கத்தியை எடுத்து வந்தேன். தோசைக்கல் கனம் என்பதால் பலகையோடு மெல்லத் தள்ளினேன். ஹாருவான் காற்றுக் குடிக்க மேலே வந்தது. வாயைத் திறந்தபடி அது என்னைப் பார்த்தது, நானும் அதைப் பார்த்தேன்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் பிறந்ததிலிருந்து ஒரு மீனைக்கூடக் கொன்றதில்லை. எப்படிக் கொன்றிருப்பேன்? கடல் மீன் படகிலேயே செத்துத்தான் கரைக்கு வருகிறது. என் கைக்கு வந்த ஆயிரம் மீனும் பிணமாகத்தான் வந்தன. நான் செவுளைப் பார்த்து, வயிற்றைக் கீறி, கழுவி, பெரிய கெட்டிக்காரி என்று பேர் வாங்கினேன். உயிரோடு வீட்டுக்கு வருவது சேற்று மீன்தான். அதன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது தோட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான். இத்தனை வருஷமாக அவரைக் கோழை என்று கேலி செய்துகொண்டிருந்த எனக்கு, அவர் ஆறு வயதில் பார்த்ததைப் பார்க்கக் கல்யாண வயதில் ஒரு பிள்ளை இருக்கிற காலம் வரை ஆகியிருக்கிறது.

இருந்தாலும் தொட்டிக்குள் கையை விட்டேன். ரோஷம் அவ்வளவு சீக்கிரம் போகுமா? அதன் முதுகில் கை பட்டதும் சோப்பு மாதிரி வழுக்கி, ஒரே உதறல். என் முகமெல்லாம் தண்ணீர். அடுத்த நொடி அது தரையில் கிடந்தது. கிடந்தால் பரவாயில்லை, நகரவும் தொடங்கியது. இடுப்பை ஆட்டிக்கொண்டு நேராகச் சாமி மேடையைப் பார்த்துப் போனது. நான் ஒரு கையில் கத்தி, ஒரு கையில் வயிறு, குனியவும் முடியாமல் ஓடவும் முடியாமல் நின்றுகொண்டு அவரைக் கூப்பிட்டேன்.

அவர் சோப்பு நுரையோடு ஓடி வந்தார். முதலில் கத்தியைப் பார்த்தார், பிறகு மீனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன செய்ற நீ?"

"அறுக்கலாம்னு வந்தேன்."

"அறுத்தியா?"

"அது சாமி கும்புடப் போயிருச்சி," என்றேன்.

அவ்வளவுதான், இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவர் துண்டைப் போட்டு மீனை அமுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தார். அமாவாசை, சந்திராஷ்டமம், மக்சிக், பூனைகள், எல்லாம் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு. எனக்கு ஒவ்வொரு சிரிப்புக்கும் தையல் சுரீரென்றது. சோபாத் தலையணையை எடுத்து வயிற்றில் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிக்க வைக்காதீங்க, தையல் வுட்டுப்போவும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க," என்றேன். "மறுபடியும் அங்க போயி என்னால படுக்க முடியாது."

அவர் சிரிப்பை நிறுத்தினார். மடியில் துண்டுக்குள் மீன் அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். துண்டின் ஓரத்தை விலக்கி அதன் முகத்தைக்கூட ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து என் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டு, பின்கட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரே ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. நான் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷத்துக்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இரண்டும் நிஜம்.

உள்ளே வந்தவர் என் பக்கம் திரும்பாமல் நேராக அடுப்படிக்குப் போனார்.

"இஞ்சி எங்க இருக்கு?"

"மேல் தட்டுல, சிவப்பு டப்பாவுக்குப் பின்னால."

"பூண்டு?"

"அதுலயேதான்."

"மெளகு அரைச்சிப் போடணுமா, முழுசாவா?"

"தட்டிப் போடுங்க."

பாத்திரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. போன் வீடியோவில் யாரோ ஒரு அம்மா மலாயில் ஹாருவான் சூப் வைக்கச் சொல்லித் தந்துகொண்டிருந்தார். இவர் அந்த அம்மாவிடம், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க என்று தமிழில் சண்டை போட்டார். இஞ்சி வதங்குகிற வாசனை வந்தது, பிறகு லேசாகக் கருகிய வாசனை, பிறகு மஞ்சளும் மிளகும் கொதிக்கிற வாசனை. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் முதல் தடவையாக இவர் எனக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறார், அதை எட்டிப் பார்த்துக் கெடுக்க மனசு வரவில்லை.

என் புண் அடுத்த வாரம் கூடிவிட்டது. டாக்டர் மாற்றிக் கொடுத்த மருந்தினாலா, ஹாருவானாலா, அன்றைக்குச் சிரித்த சிரிப்பினாலா என்று நான் ஆராயவில்லை. நாத்தனார் மட்டும் போனில், பாத்தியா நான் சொன்னேன்ல என்று ஒரு மாதம் முழுக்கச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரிய கிண்ணம் நிறைய சூப் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மீன் துண்டுகள் ஒன்று பெரிசு, ஒன்று பொடிசு. ஒரு செதில் மேலே மிதந்தது, அதை விரலால் எடுத்துத் தன் சட்டையில் துடைத்துக்கொண்டார். பெருவிரலில் ஒரு வெட்டு, அதில் பழைய பிளாஸ்டர் சுற்றியிருந்தது. எனக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தொட்டிகள் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"சூடா இருக்கு. ஊதிக் குடி."

ஊதிக் குடித்தேன். அதில் உப்பே இல்லை. ஒரு கல்கூட இல்லை. என் நாக்கைப் பற்றி உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும், வேறு ஒரு நாளாக இருந்தால் அந்தச் சூப்பு சுவரில் இருந்திருக்கும். நான் இன்னொரு வாய் குடித்தேன். சதையைப் பிய்த்துச் சாப்பிட்டேன். முள்ளை ஓரத்தில் வைத்தேன். தலையையும் விடவில்லை.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நல்லா இருக்கு என்று சும்மா சொல்கிற ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். திடீரென்று என் கையிலிருந்த கரண்டியை வாங்கினார். கிண்ணத்தில் விட்டு ஒரு கரண்டி எடுத்தார். அது எந்த மீன் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு கணம் கையில் வைத்திருந்தார். பிறகு குடித்தார்.

"உப்பே போடலயே," என்றார். "ஏன் சொல்லல?"

நான் தோளைக் குலுக்கிக்கொண்டு மறுபடியும் கரண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவர் அவசரமாக எழுந்து அடுப்படிக்குப் போனார். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"உப்பு எங்க இருக்கு?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

அதற்குள் நான் கிண்ணத்தைக் காலி செய்திருந்தேன்.